படகுச் சந்தும் காரணக் கட்டமும்

ஈரச் சிமெண்டு வாசனை எங்கே வந்தாலும் என் வலது கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். செங்கல்பட்டில் நான் குடியிருக்கும் தெருவில் எப்போதும் யாராவது ஒருவர் மாடி எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதால் வருஷத்தில் பாதி நாள் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. "உக்காந்து கால் ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்று என் மாமியார் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த ஆட்டம் ஒன்பதாம் வகுப்பில் என்னைப் பிடித்துக்கொண்டது, பிடிக்கவைத்தது இன்னும் எழும்பாத ஒரு சுவர், அந்தச் சுவரோடு வந்து சேர்ந்தது இணைகோடுகள் பற்றிய ஒரு தேற்றம் என்று அவரிடம் சொன்னால், மருமகளுக்கு வேறு ஏதாவது கோளாறு இருக்கும் என்றுதான் நினைப்பார். அதனால் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

முட்டுக்காட்டுக்கும் கோவளத்துக்கும் நடுவில் எங்கள் குப்பம். ஒரு காலத்தில் கடலை ஒட்டியே இருந்து, கடல் உள்ளே வர வர நகர்ந்து, நான் பிறக்கும்போது ரோட்டுக்கு மேற்கே வந்துவிட்டிருந்தது. படகுகள் கரையில், நாங்கள் ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் போக வர ஒரே ஒரு வழி, அதற்குப் பெயர் "படகுச் சந்து". வடக்கே ஒரு பழைய பங்களாவின் மதில் ரோட்டிலிருந்து கடற்கரை வரை நீளமாகப் போகும். தெற்கே வெறும் சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டி தாழம்புதர். தெற்கே எல்லை என்று ஒன்று இல்லாததால் சந்தின் அகலம் என்ன என்று யாரும் கேட்டதில்லை. மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் டிராக்டரைக் கட்டி, ஃபைபர் போட்டுகளை ஒவ்வொன்றாக அந்தச் சந்து வழியாக இழுத்து ரோட்டோரம் கொண்டுவந்து வைப்பார்கள். நான் எட்டாவது படித்த வருஷம் பக்கத்துக் குப்பத்தில் நேரத்துக்கு இழுக்க முடியாமல் விட்ட படகுகளைக் கடல் கரையிலேயே அடித்து இரண்டாகப் பிளந்துபோட்டதை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு இருந்தது ஒரே படகு. அப்பாவை நாங்கள் "நைனா" என்று கூப்பிடுவோம். நைனாவுக்கு அந்தப் படகை விட்டால் வேறு ஒன்றும் தெரியாது, வேறு ஒன்றும் இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம் சவுக்குத் தோப்பை யாரோ வாங்கிவிட்டார்கள். மரத்தை வெட்டி, விருந்தினர் விடுதி கட்டப்போவதாகப் பேச்சு. முதலில் சந்தின் தெற்கே ஒரு மதில் எழுப்ப வேண்டும் என்று ஒரு சைட் இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர்தான், வெயிலில் முகம் சிவந்து எப்போதும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். "உங்க வழிய நாங்க எடுத்துக்க மாட்டோம், எவ்வளவு அகலம் வேணும்னு சொல்லுங்க, விட்டுட்டுக் கட்டறோம்" என்றார். குப்பத்து ஆண்கள் எல்லோரும் ரோட்டு முனையில் கூடி, ஒரு படகை டிரெய்லரில் ஏற்றி நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒரு ஆள் நடந்துவர இடம் விட்டு, "இவ்ளோ ஓணும்" என்று சொன்னார்கள். இன்ஜினியர் அந்த இடத்தில் முளை அடித்தார். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் கடல் முனையிலும் போய் அளந்திருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது தோன்றவே தோன்றாது, ஏனென்றால் எங்கள் குப்பத்தில் அளப்பதே அப்படித்தான். கரையில் வலை உலர்த்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் இடம் உண்டு. அதை மேல் முனையில் மட்டும் துடுப்பை வைத்து அளந்து பிரிப்பார்கள். கீழ் முனையை அளக்க மாட்டார்கள். கீழ் முனையைக் கடல் இன்றைக்கு ஒரு மாதிரியும் நாளைக்கு ஒரு மாதிரியும் வைத்திருக்கும்போது அதை அளந்து என்ன ஆகப்போகிறது? "மேல சரியா இருந்தா கீழயும் சரியாத்தான் இருக்கும்" என்பது ஊர்க்கூட்டத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு, அதை வைத்தே பல சண்டைகள் தீர்ந்திருக்கின்றன. மணலுக்கு அது போதும். மதிலுக்குப் போதாது என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

இதே நாட்களில் பள்ளிக்கூடத்தில் வடிவியல் நடந்துகொண்டிருந்தது. எங்கள் கணக்கு டீச்சர் செங்கல்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். திரும்பிப் போகும் பஸ்ஸின் மேல்தான் அவருக்கு எப்போதும் கண், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவார். ஒவ்வொரு நிரூபணத்துக்கும் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்வார். இடது பக்கம் "கூற்று", வலது பக்கம் "காரணம்". இடது பக்கம் எழுதுவதில் நான் புலி. கோணம் ஒன்று சமம் கோணம் ஐந்து, கோணம் ஐந்து சமம் கோணம் ஏழு என்று இறங்கிக்கொண்டே போவேன். வலது பக்கம் வந்தால் எனக்குப் பொறுமை போய்விடும். கண்ணுக்குத் தெரிகிற விஷயத்துக்கு எதற்குக் காரணம்? "படத்தில் தெரிகிறது" என்று வரிசையாக எழுதி வைப்பேன். டீச்சர் அத்தனையையும் சிவப்பு மையில் சுழித்து, "படம் நீ போட்டது. நீ போட்ட படம் உனக்கு சாட்சி சொல்லாது" என்பார்.

ஒரே ஒரு வகை வரிக்குத்தான் அவர் சலுகை தருவார். கேள்வியிலேயே கொடுத்துவிட்ட விஷயமாக இருந்தால் அதன் எதிரே "தரவு" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். "அது உனக்குக் குடுத்தது. அதுக்குக் காரணம் தேடிக்கிட்டு நிக்காதே, அடுத்த வரிக்குப் போ" என்று சொல்லிவிட்டு அவரும் பஸ்ஸுக்குப் போய்விடுவார். எனக்கு அந்த வார்த்தையின் மேல் ஒரு ஆசை. எல்லா வரிக்கும் அதையே எழுத முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைப்பேன்.

என் பக்கத்தில் உட்காருவது ரெஜினா. கோவளத்துக்காரி, மாதா கோயில் தெரு. நான் குதிக்கிற இடத்தில் அவள் நிற்பாள், ஒரு வரி எழுத ஒரு யுகம் ஆக்குவாள், ஆனால் அவள் வலது பக்கத்தில் சிவப்பு மை படாது. ஒருநாள் என் நோட்டை வாங்கிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கோணங்கள் சமம், காரணம் கோடுகள் இணை என்று ஒரு வரி எழுதி, அடுத்த வரியிலேயே கோடுகள் இணை, காரணம் கோணங்கள் சமம் என்று எழுதியிருந்தேன். "வண்டிய தள்ளிகினே அதுமேலயே ஏறி உக்காரப் பாக்கறியே அமுதா, எப்டி ஓடும் அது?" என்றாள். எனக்கு முகம் எரிந்தது. கோபம் வந்தால் எனக்கு அது லேசில் போகாது. அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது சந்தின் முனையில் கடக்கால் தோண்டி, ரோட்டிலிருந்து கடல் பக்கமாகக் கொஞ்ச தூரத்துக்கு நூல் கட்டியிருந்தார்கள். சிமெண்டு கலந்துகொண்டிருந்தார்கள், அந்த வாசனை மூக்கில் ஏறியது. அம்மா வழக்கம்போல அங்கேதான் கூடை வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்தாள். நைனா பக்கத்தில் நின்றிருந்தார். நான் நூலையும் பங்களா மதிலையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்தக் கோடு என்னவோ வடக்கே சாய்வது போல இருந்தது. "நைனா, இது அந்தாண்ட போவப் போவ ஒடுங்குது" என்று சொல்லிவிட்டேன்.

இன்ஜினியர் காதில் விழுந்துவிட்டது. சிரித்தார். "பாப்பா, செங்கல்பட்டு ஸ்டேஷன்ல நின்னு தண்டவாளத்தப் பாத்திருக்கியா? தூரத்துல ரெண்டும் சேர்ற மாதிரிதான் தெரியும். ரயில் கவுந்தா போச்சு?" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நான் விடவில்லை. அந்த முனையிலும் இதே அகலம் இருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு சுவரும் இணையாப் போகுதும்மா, அதனால." இணை என்று எப்படித் தெரியும்? "அகலம் மாறாம விடறோமே, அதனால." நூல் பிடித்துக் கட்டுகிறோம், ஒரு இழை கூடக் கோணாது என்று வேறு சேர்த்துக்கொண்டார். நேராக இருப்பது வேறு, இணையாக இருப்பது வேறு என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. ஆனால் அவர் தள்ளிக்கொண்டே ஏறப் பார்த்த வண்டியை மட்டும் எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. அது என் வண்டி. அன்று காலையில்தான் ரெஜினா அதைப் பார்த்துச் சிரித்திருந்தாள்.

"பெரியவங்க பேசற எடத்துல உனுக்கு இன்னா வேல? வூட்டுக்குப் போ" என்று நைனா விரட்டினார். அவருக்கு வெட்கமாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் போகவில்லை, ரோட்டைத் தாண்டி நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது கால் ஆடத் தொடங்கியது அன்றைக்குத்தான். கடல் முனையில் போய் அளக்கலாம் என்றால் அங்கே புதுச் சுவரும் இல்லை, நூலும் இல்லை, தாழம்புதரும் வெட்டிப் போட்ட மரமும்தான். சுவர் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அளந்தால் தெரியும். அப்புறம் தெரிந்து என்ன பிரயோஜனம்?

மறுநாள் ரெஜினாவிடம் நானே போய்ப் பேசினேன். பாடத்தில் அந்த வாரம்தான் அந்தத் தேற்றம் வந்திருந்தது. இரண்டு கோடுகளை மூன்றாவது கோடு ஒன்று குறுக்கே வெட்டினால், வெட்டுகிற கோட்டின் ஒரே பக்கத்தில் உள்ளே இருக்கும் இரண்டு கோணங்களைக் கூட்டிப் பார், நூற்றெண்பது வந்தால் கோடுகள் இணை. குறைந்தால் அந்தப் பக்கம் போகப் போக இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும். அதாவது அந்த முனைக்குப் போகாமலேயே, இந்த முனையில் நின்றபடி, அங்கே என்ன நடக்கப்போகிறது என்று சொல்லிவிடலாம். இதை நான் பத்துத் தடவை மனப்பாடமாக எழுதியிருக்கிறேன், ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு சுவர், குறுக்கே ரோடு. நோட்டில் படம் போட்டேன், இடது பக்கம் கூற்று, வலது பக்கம் காரணம், ஒரு கட்டம் விடாமல் எழுதினேன். ரெஜினாவே பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றாள்.

அளப்பதற்குக் கரும்பலகையில் வைத்து வரையும் பெரிய மரக் கோணமானி வேண்டும். ரெஜினா வகுப்புத் தலைவி என்பதால் டீச்சரிடம் கேட்டு வாங்கினாள். எதற்கு என்று கேட்கக்கூட டீச்சருக்கு நேரமில்லை, "ஒடைச்சிடாதீங்கடி" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். எங்கள் பஸ்ஸில் கண்டக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது இன்னா, முறமா? லக்கேஜு போடணுமா?" என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

அது ஒரு சனிக்கிழமை, கடலுக்குப் போனவர்கள் திரும்பியிருந்த நேரம், சந்து முனையில் நல்ல கூட்டம். இரண்டு பெண்பிள்ளைகள் பாவாடையைச் செருகிக்கொண்டு ரோட்டோரத்தில் மண்டியிட்டு மரப்பலகையை வைத்து அளக்கிறோம் என்றதும் இன்னும் கூடினார்கள். ரோட்டு விளிம்புக்கும் பங்களா மதிலுக்கும் நடுவே ஒரு கோணம், ரோட்டு விளிம்புக்கும் புது நூலுக்கும் நடுவே ஒரு கோணம். கூட்டினால் நூற்று எழுபத்தைந்து. நான் எழுந்து நின்று, ஊருக்கே கேட்கும்படி, "ஒடுங்குது! அஞ்சு டிகிரி ஒடுங்குது!" என்று கத்தினேன்.

இன்ஜினியர் வந்து நோட்டை வாங்கிப் படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை, மெனக்கெட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுத்து, ரோட்டைக் கை காட்டினார். "எல்லாம் சரிதாம்மா. ஆனா ரோடு இங்க வளையுது பாரு. வளைவ வெச்சு அளந்தா கோணம் எப்படிச் சரியா வரும்?"

பார்த்தேன். கோவளம் பக்கம் திரும்புகிற இடம் அது, ரோடு வளைந்துதான் இருந்தது. தினமும் நான் பஸ்ஸுக்கு நிற்கிற ரோடு. என் நோட்டில் அது நேர்கோடு. எத்தனை வரிக்குக் காரணம் எழுதினேனோ, ரோடு நேர்கோடு என்பதை ஒரு வரியாகக்கூட எழுதவில்லை, எழுதாததால் காரணமும் கேட்கவில்லை. நான் போட்ட படம் எனக்கே பொய் சாட்சி சொல்லிவிட்டது. அப்படியே பூமிக்குள் போய்விட வேண்டும் போல இருந்தது. நைனா என்னைப் பார்க்காமல் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கூட்டம் கலையத் தொடங்கியது, மேஸ்திரி கரண்டியை எடுத்தார்.

ரெஜினா மட்டும் மண்டியிட்ட இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவளுக்குத்தான் எதற்கும் நேரமாகுமே. புத்தகத்தைப் பிரித்து அந்தத் தேற்றத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். "ரோடு எதுக்குடி?" என்றாள், யாரிடமோ கேட்பது போல. "குறுக்க ஒரு கோடு போவணும்னுதான் போட்டுக்கீது. எந்தக் கோடுன்னு போடல. நம்மளே ஒண்ணு இஸ்து கட்னா இன்னா?"

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் ஓடிப்போய் நைனாவின் கையைப் பிடித்து, கயிறு வேண்டும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், ரெஜினாவைப் பார்த்தார். போய் வலைக் கயிற்றை எடுத்துவந்தார். பங்களா மதிலில் ஒருவர், புது நூல் பக்கத்தில் ஒருவர், நடுவில் விரைப்பாக இழுத்துப் பிடித்தார்கள். அளந்தோம். நூற்றொன்று, எழுபத்தேழு. கூட்டினால் நூற்று எழுபத்தெட்டு.

"கயிற நீங்க சாய்ச்சுப் புடிச்சிருக்கீங்க" என்றார் இன்ஜினியர்.

"அப்போ நீயே புடி சார். எப்டி ஓணுமோ அப்டி புடி" என்று நைனா கயிற்று முனையை அவர் கையில் கொடுத்தார்.

இன்ஜினியர் வேண்டுமென்றே இரண்டு அடி தள்ளிப் போய்ப் பிடித்தார். ஒரு கோணம் அறுபத்தெட்டாகக் குறைந்தது, மறு கோணம் நூற்றுப் பத்தாகக் கூடியது. கூட்டினால் அதே நூற்று எழுபத்தெட்டு. எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்தார். இரண்டு எண்ணும் மாறின, கூட்டல் மாறவில்லை. படிப்பே ஏறாத ஆட்கள் எங்கள் ஆட்கள் என்று வெளியே பேச்சு உண்டு. ஆனால் கயிறு எப்படிச் சாய்ந்தாலும் கூட்டல் மட்டும் அசையாமல் நிற்கிறது என்றதும் அத்தனை பேரும் கயிற்றை நெருங்கி வந்து குனிந்து பார்த்தார்கள். நான் சொன்ன ஐந்து டிகிரியில் மூன்று ரோட்டு வளைவினால் வந்தது, இன்ஜினியர் சொன்னது அவ்வளவுக்குச் சரி. மீதி இரண்டு சுவருடையது.

"ரெண்டு டிகிரி தானேம்மா" என்றார் அவர், குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு டிகிரின்னா இன்னாடி?" என்று அம்மா கூடையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். கோணம் சின்னதுதான், ஆனால் சுவர் நீளம் என்றேன். ரெஜினா நோட்டில் அளவு வைத்து வரைந்து வைத்திருந்தாள். பங்களா மதில் நீளத்துக்குப் போனால் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்து நிற்கிற அகலத்துக்கு மேலேயே போய்விடும். அம்மா கைகளை விரித்துப் பார்த்தாள், கரையில் கிடந்த படகுகளைப் பார்த்தாள். "அப்போ படகு உள்ள வருமா, வராதா?" வராது என்றேன்.

அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புது நூலுக்கு நேராகக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டாள். மற்றப் பெண்களும் அப்படியே வந்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் கடக்கால் குழியில் இறங்கி நின்றார்கள். அன்றைக்குக் கலந்த சிமெண்டு தொட்டியிலேயே இறுகிப்போயிற்று. அதற்குப் பிறகு யார் யாரோ காரில் வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். சில நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது நூல் தெற்கே நகர்ந்திருந்தது. யாரும் ஒன்றும் அறிவிக்கவில்லை. நானும் ரெஜினாவும் கயிறு கட்டி அளந்தோம், நூற்றெண்பது வந்தது.

அந்த ஐப்பசியிலேயே புயல் வந்தது. பகல் முழுவதும் வானம் கறுத்துக் கிடந்தது, அலை வலை உலர்த்துகிற இடம் வரை ஏறிவிட்டது. புது மதில் அப்போது மார்பளவு எழும்பியிருந்தது. எங்கள் படகை இழுக்கிற முறை வந்தபோது மழை முகத்தில் குத்தியது. நைனா படகுக்கும் புது மதிலுக்கும் நடுவில் கையை முழுக்க நீட்டிப் பிடித்தபடி பக்கத்திலேயே ஓடிவந்தார். கடல் முனையில் நுழையும்போது, "கை போவுது! இஸ்துகினு வா!" என்று டிராக்டர்காரருக்குக் குரல் கொடுத்தார். ரோட்டு முனையில் நான் நனைந்துகொண்டு நின்றிருந்தேன். படகின் முனை வெளியே வந்தது. அவர் கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்து, அதே கையை அதே இடைவெளியில் ஆட்டிக் காட்டி, "இங்கயும் கை போவுது பாரு" என்றார். கணக்கில் நான் அதற்கப்புறம் எத்தனையோ மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அது மாதிரி வாங்கியதில்லை.

ஆனால் சுவர் எதனால் நகர்ந்தது என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒற்றுமை இல்லை. "ஆம்பளைங்க குழில எறங்கி நின்னாங்க, அதாலதான்" என்பார் நைனா. "நாங்க கூடைய வெச்சினு உக்காரலைனா உன் ஆம்பளைங்க எறங்கிருப்பாங்களா?" என்பாள் அம்மா. இன்ஜினியர் கடைசி வரை வரைபடத்தில் ஏதோ தவறு என்றுதான் சொன்னார். நான் நூற்று எழுபத்தெட்டு என்பேன். "ஆமா, கூட்டல் தப்புன்னதும் சொவுரு தானா நடந்து போச்சாக்கும்" என்று அம்மா மடக்குவாள். இடது பக்கம் "சுவர் நகர்ந்தது" என்று எழுதிவிட்டேன், வலது பக்கக் கட்டம் காலியாகவே இருக்கிறது. கால் ஆடுவது நிற்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அதே இணைகோடுகள், அதே கோணங்கள். ஆனால் வீட்டுப்பாடம் போனில் வருகிறது, நாலு விடையில் ஒன்றைத் தொட்டால் பச்சை எரிகிறது, தவறென்றால் சிவப்பு. எப்படி இது என்று கேட்டால், "பாத்தாலே தெரியுதே மம்மி" என்கிறாள். நடுவில் கோடு போட்டுப் பிரித்த பக்கம் அவளுக்குத் தெரியாது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நைனாவையும் அம்மாவையும் பார்க்கப் போனபோது, அவளுக்கு அந்தச் சந்தைக் காட்டலாம் என்று அழைத்துப் போனேன். போகிற வழியில், துபாயில் இருக்கும் ரெஜினாவுக்குப் படம் எடுத்து அனுப்புவதாகச் செய்தியும் போட்டேன்.

பங்களா இல்லை, பழைய மதிலும் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே ரிசார்ட். சந்தில் சிவப்புக் கல் பதித்திருக்கிறார்கள். அகலம் அப்படியேதான் இருக்கிறது, ரோட்டு முனையிலும் கடல் முனையிலும். ஆனால் ரோட்டு முனையில் ஒரு இரும்புக் கேட்டு போட்டு, பக்கத்தில் குடைக்குக் கீழே ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். இளவயசு, மரியாதையான பையன். எழுந்து நின்று, ஒரு நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"பேரு, போன் நம்பர் எழுதிட்டு, எதுக்குப் போறீங்கன்னு காரணம் எழுதிடுங்க மேடம்."

இது படகுச் சந்து, இதற்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போவதாவது என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் உயரமாகக் கேட்டது.

"குப்பத்து ஆளுங்களுக்கு ஒண்ணியும் தேவையில்ல மேடம், அவங்க படக எப்ப ஓணா இஸ்துகினு போலாம். வெளியாளுங்களுக்கு மட்டும்தான் இது."

என் புடவையையும் கைப்பையையும் மகளின் செருப்பையும் பார்த்து அவர் சொன்னதில் தப்பில்லை. இந்தக் குப்பத்துப் பெண் நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதை எப்படி நிரூபிப்பது என்ற யோசனை குறுக்கே வந்து நின்றது. நோட்டைப் பார்த்தேன். எனக்கு முன்னால் வந்தவர்கள் "வாக்கிங்" என்றும் "மீன் வாங்க" என்றும் "போட்டோ" என்றும் எழுதியிருந்தார்கள். கோடு போட்டுப் பிரித்த பக்கம், வலது ஓரத்தில் என் பெயருக்கு நேராக ஒரு காலிக் கட்டம். மகள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனாவை வாங்கி, நன்றாக அழுத்தி, "தரவு" என்று எழுதினேன்.

அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பி எழுத்துக் கூட்டிப் படித்தார். "தரவுன்னா இன்னா மேடம்?"

"இதுக்குக் காரணம் கேக்கக் கூடாதுன்னு அர்த்தம் தம்பி" என்று சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தேன்.